ஆளணி முகாமைச் சான்றிதழின் தோற்றமும் வளர்ச்சியும் – ஒரு நோக்கு

ஒரு தொழிலைச் செய்வோர் தம்முட் கூடிச் சங்கம் அமைத்து, அதிற் சேர்வதற்குப் பரீட்சை வகுத்து, தேறியவர்க்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கும்போது அத்தொழில் உயர்தொழில் என்னும் நிலையை நாடுகின்றது. மருத்துவமும் சட்டமும் இவ்வழியே வளர்ந்தன. அவ்விரு துறைகளிலும் சான்று பெறாதார் தொழில் செய்வதைச் சட்டமே தடுக்கின்றது. ஆனால், முன்னர் ஆளணி முகாமை எனவும் இக்காலத்தில் மனிதவள முகாமைத்துவம் எனவும் வழங்கும் துறையின் நிலை வேறு. பிரித்தானியாவிலோ ஐக்கிய அமெரிக்காவிலோ இலங்கையிலோ இத்தொழிலைச் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் விதிக்கவில்லை. ஆயினும் பலர் வேலை முடிந்த பின்னர் வகுப்புகளுக்குச் சென்று, கட்டணம் செலுத்தி, பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். சட்டம் கேளாத சான்றினை இவர்கள் தேடுவது ஏன்? அச்சான்று எதனை, யாருக்கு உறுதிப்படுத்துகின்றது? இவ்வினாக்களுக்கு வரலாற்றின் வழியே விடை காண முயல்வதே எமது நோக்கமாகும்.

இத்துறையின் தொடக்கத்தை இங்கிலாந்தின் யோர்க் நகரிலே காண்கிறோம். அங்கு ரவுண்ட்ரி குடும்பத்தாரின் கொக்கோத் தொழிற்சாலையில், வேலை செய்த பெண்களின் நலன்களைக் கவனிப்பதற்கென மேரி வூட் என்னும் அம்மையார் 1896ஆம் ஆண்டளவில் நியமிக்கப்பட்டார். இத்தகைய நலன்புரி அலுவலர்கள் வேறு சில தொழிற்சாலைகளிலும் தோன்றினர். 1913ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி யோர்க்கில் தொழில்தருநர் மாநாடொன்று கூடியது. சீபோம் ரவுண்ட்ரி தலைமை வகித்த அம்மாநாட்டில் கட்பரி, பூட்ஸ் முதலிய நிறுவனங்களின் பிரதிநிதிகள் பங்குபற்றினர். அங்கே நலன்புரிப் பணியாளர் சங்கம் உருவாயிற்று. மேரி வூட் அதன் முதல் தலைவரானார்.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். நலன்புரிப் பணி என்பதற்கு அம்மாநாடு கொண்ட பொருள், நடைமுறையிலிருந்த தொழிற்சாலை முறைக்குள்ளேயே தொழில்தருநர் தாமாக விரும்பிச் செய்யும் சீர்திருத்தம் என்பதாகும். எனவே, தொழிலாளியின் நலனைக் காக்கப் பிறந்த இப்பதவி, அவனது உரிமையாக அன்றித் தொழில்தருநரின் நல்லெண்ணமாகவே உருக்கொண்டது. பின்னர் எழுந்த சிக்கல்களின் வித்து இதுவே என்பது எமது கருத்து.

முதலாம் உலகப் போர் இப்பணியைப் பரவச் செய்தது. போர்த்தளபாடத் தொழிற்சாலைகளிற் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தமையால், அரசாங்கம் போர்த்தளபாட அமைச்சின் கீழ் நலன்புரிப் பிரிவொன்றை அமைத்து, சீபோம் ரவுண்ட்ரியை அதற்குப் பொறுப்பாக்கியது. தேவை பெருகவே, பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்னும் வினாவும் எழுந்தது.

சங்கத்தின் பெயர் மாறிய வரலாறு தொழிலின் நோக்கம் மாறிய வரலாறாகவும் அமைகின்றது. 1919இல் அது நலன்புரிப் பணியாளர் நிறுவகம் ஆயிற்று. 1924இல் கைத்தொழில் நலன்புரிப் பணியாளர் நிறுவகம் என்றாயிற்று. 1931இல் தொழிலாளர் முகாமை நிறுவகம் என்னும் பெயர் வந்தபோது ‘நலன்புரி’ என்ற சொல் மறைந்தது. 1946இல் ஆளணி முகாமை நிறுவகம் என்றானது. 1994இல் பயிற்சி, அபிவிருத்தி நிறுவகத்துடன் இணைந்தது. 2000ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. 2003 முதல் தகுதி பெற்ற உறுப்பினர் தம்மைத் தனித்தனியே ‘பட்டய’ உறுப்பினர் என அழைத்துக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது. பெண்கள் முன்னின்று தொடங்கிய நலன்புரிப் பணி, தொண்ணூறு ஆண்டுகளிற் பட்டயம் தாங்கிய முகாமைத் தொழிலாயிற்று. இவ்வளர்ச்சியிற் பெற்றது மதிப்பு. ‘நலன்புரி’யோ பெயரிலிருந்தே நீங்கிவிட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வளர்ச்சி வேறு வழியிற் சென்றது. 1948இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஆளணி நிருவாகிகளுக்கான அமெரிக்கச் சங்கம் தோன்றியது. 1970களில் அதன் சார்பில் சான்றளிக்கும் நிறுவகமொன்று பிறந்தது. சங்கம் 1989இல் மனிதவள முகாமைத்துவச் சங்கம் எனப் பெயர் மாறியது. சான்றளிக்கும் நிறுவகத்தின் பெரும்பாலான பரீட்சைகளுக்குத் தோற்றுவதற்குத் தொழில் அனுபவமும் வேண்டும். கல்வித் தகுதி உயர உயர, வேண்டப்படும் அனுபவ ஆண்டுகள் குறையும். பெற்ற சான்றும் நிலையானதன்று. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, தொடர்கல்வியால் பெரும்பாலும் 60 புள்ளிகள் ஈட்டியோ மீண்டும் பரீட்சை எழுதியோ அதனைப் புதுப்பித்தல் வேண்டும்.

2014இல் அச்சங்கம், தான் பல்லாண்டு ஆதரித்த சான்றுகளுக்குப் புறம்பாகத் தனக்கெனப் புதிய சான்றுகளை அறிவித்து, 2015இல் பரீட்சைகளையும் தொடங்கிற்று. பழைய நிறுவகமும் தன் பரீட்சைகளைக் கைவிடவில்லை. ஒரே தொழிலுக்கு இரு அமைப்புகள் போட்டியிட்டுச் சான்று வழங்கும் நிலை உருவாயிற்று. சட்டத்தின் ஆணையின்றி, சந்தையின் மதிப்பையே ஆதாரமாகக் கொண்ட சான்றுக்கு இத்தகைய நிலை நேர்வது வியப்பன்று.

இனி இலங்கையை நோக்குவோம். ஆட்களைச் சேர்த்தல், வேலை பகிர்தல், பிணக்குத் தீர்த்தல் ஆகியன இங்கு பரீட்சை எழுதியவரால் தொடங்கப்பட்டவையல்ல. பெருந்தோட்டங்களில் இவற்றைச் செய்தவன் கங்காணி. தென்னிந்தியாவிலுள்ள தன் ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவனும், அவர்களுக்கு முற்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவனும், பிரட்டுக்களத்திலிருந்து வேலைக்கு அனுப்பியவனும், துரையிடம் அவர்களுக்காகப் பேசியவனும் அவனே. ஒரு தொழிலாளி வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், அவனது கடன்தொகை எழுதப்பட்ட ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தல் வேண்டும். இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளி பற்றி அன்று எழுதப்பட்ட சான்று அவனது திறமையை அன்றி அவனது கடனையே கூறிற்று என்பது சிந்தித்தற்குரியது.

பின்னர் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம், 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம், 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1950இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், 1954இல் கடை, காரியாலய ஊழியர் சட்டம், 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் என இவை அமைந்தன. குலமுறையும் கடனும் துரையின் விருப்பமும் ஆண்ட இடத்தை எழுதப்பட்ட விதி பிடித்துக்கொண்டது. விதியை அறிந்து நடத்துவோர் கொழும்புக் கம்பனிகளுக்குத் தேவைப்பட்டனர். இச்சூழலிலேயே 1959இல் இலங்கை ஆளணி முகாமை நிறுவகம் தோன்றியது. அதன் பெயர், 1946இல் பிரித்தானிய நிறுவகம் ஏற்ற பெயரே என்பது கவனித்தற்குரியது. 1976ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் அது கூட்டிணைக்கப்பட்டது. பிற்காலத்திற் ‘பட்டய’ என்னும் அடைமொழியும் சேர்ந்தது. இதற்கிடையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமின்றித் தொழிலாளியை நீக்குவதற்கு அவனது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என விதித்தது. இத்தகைய விதிகள் ஆளணி அலுவலரின் அறிவை இன்றியமையாததாக்கின.

இச்சான்றிதழால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. உறவும் சிபாரிசும் இல்லாத ஒருவர், படிப்பின் வழியாக இப்பதவியை அடைய அது துணைபுரிகின்றது. சம்பளக் கணக்கும் விசாரணை முறையும் ஒருவரின் மனம்போன போக்கில் நடவாது, கற்பிக்கக்கூடிய ஒழுங்காக மாறியுள்ளன. கங்காணியின் காலத்தோடு ஒப்பிட இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் குறையொன்று எஞ்சியுள்ளது. மருத்துவர் தம் நோயாளிக்கும் சட்டத்தரணி தம் கட்சிக்காரருக்கும் பொறுப்புடையவர். ஆளணி அலுவலருக்குச் சம்பளம் கொடுப்பவர் தொழில்தருநர். அவரது முடிவைத் தாங்குபவரோ தொழிலாளி. உயர்தொழில் நிறுவகங்கள் ஒழுக்கக்கோவை வகுத்துள்ளன; தவறிய உறுப்பினரை நீக்கவும் செய்யலாம். ஆனால், சான்று கட்டாயமில்லாத இடத்தில் நீக்கப்பட்டவர் அதே பணியைத் தொடர்வதற்குத் தடையில்லை. தொழிலாளியின் குரல் பரீட்சை மண்டபத்துக்கும் எட்டுவதில்லை.

எனவே, சட்டம் கேளாத சான்றினைப் பலர் தேடுவது தொழில்தருநரின் நம்பிக்கையைப் பெறுவதற்கே என்பது இவ்வரலாறு தரும் விடையாகும். தொழிலாளியின் நம்பிக்கையைப் பெறும் வழி எந்தப் பாடத்திட்டத்திலும் முழுமையாக அடங்குவதன்று. யோர்க்கில் மேரி வூட் நியமிக்கப்பட்டது அந்நம்பிக்கையின் தேவையால். சான்று வழங்குவோர் தம் தேர்வாளரோடு தொழிற்சங்கப் பிரதிநிதிகளையும் அமர்த்தி, ஒரு பிணக்கினை இரு தரப்பினின்றும் நோக்கும் ஆற்றலைச் சோதிப்பாராயின், 1931இல் பெயரிலிருந்து நீங்கிய சொல் தொழிலின் உள்ளத்திலாவது மீண்டும் இடம்பெறும் எனலாம்.