கரியும் காகிதமும்

“மாமா, எந்த யந்திரம் வாங்கலாம்?” என்று கேட்டான் என் அக்காள் மகன்.

தரங்கம்பாடிக் கோட்டை மதிலோரம் உட்கார்ந்திருந்தோம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. அவன் மடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள், காலஞ்சென்ற என் அத்தான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படச் சுருள்கள். கடல் பாதி விழுங்கிய நிலையில் மாசிலாமணி நாதர் கோயில் அவற்றில் இருந்தது. 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில்; பிற்காலத்தில் திருப்பணி நடந்து அதன் கோலமே மாறிவிட்டது. சுருள்களிலோ உப்புக் காற்றுப் பட்டுக் காளான் படர ஆரம்பித்திருந்தது. அழிவதற்குள் அவற்றை இங்க்ஜெட் யந்திரத்தில் அச்சிட்டு வைக்க வேண்டும் என்று பையன் துடித்தான்.

யந்திர சாஸ்திரம் எனக்கு எங்கே தெரியும்? தெரிந்த கதையைச் சொன்னேன்.

1706-ல் இந்தக் கரையில் வந்து இறங்கிய சீகன்பால்குப் பாதிரியாருக்கு லண்டன் சங்கத்தார் 1711-ல் ஓர் அச்சு யந்திரம் அனுப்பினார்கள். வழியில், பிரேஸில் நாட்டு ரியோ துறைமுகத்தில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. மீண்டு புறப்பட்டபோது, உடன் வந்த அச்சுத் தொழிலாளி நடுக்கடலில் இறந்துபோனார். 1712-ல் யந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஓட்டுவதற்கு ஆள் இல்லை! நல்லவேளை, இங்கிருந்த ஜெர்மன் சிப்பாய் ஒருவருக்கு அத்தொழில் தெரிந்திருந்தது.

யந்திரம் வந்ததும் கவலை தீர்ந்ததா? அப்போதுதான் ஆரம்பித்தது. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-ல் வந்தன. பார்த்தால் ஒவ்வொன்றும் பூசணிக்காய்! அந்தப் பருமனில் அச்சிட்டால் இருக்கிற காகிதம் எந்த மூலைக்குக் காணும்? இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை வைத்தார்கள், அது நீடிக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்தது.

“கவனித்தாயா, தம்பி? யந்திரம் ஒரே தடவை கப்பலேறி வந்தது. எழுத்தும் காகிதமுமோ நித்திய கவலையாக இருந்தன. முதலில் அவற்றை விசாரி” என்றேன்.

விசாரித்துக்கொண்டு வந்து அவன்தான் எனக்குப் பாடம் சொன்னான். ஒரே கறுப்பு மை உள்ள யந்திரம், சாம்பல் நிறத்துக்காகப் பல வண்ணங்களைக் கலக்குமாம். அதனால் படம் ஒரு வெளிச்சத்தில் பச்சையாகவும் இன்னொன்றில் சிவப்பாகவும் தோன்றுமாம். கறுப்போடு இரண்டு மூன்று சாம்பல் மைகளும் தனித்தனியாக உள்ளதே நல்லது. சாயத்தில் கரைத்த மை விரைவில் வெளுக்கும். நிறமித் துகள் கலந்த மை நீடிக்கும். அந்தக் கறுப்புத் துகள் வேறெதுவும் அல்ல, கரிதான்! நம் பாட்டன்மார் ஓலைச்சுவடியில் பூசியதும், சீகன்பால்கு காலத்து அச்சு மையில் கலந்ததும் அதே புகைக்கரிதானே! காகிதம் அமிலம் இல்லாத பருத்திக் காகிதமாக இருக்க வேண்டும். யந்திரத்தைச் சும்மா போட்டு வைத்தால் மைத் துவாரம் அடைத்துக்கொள்ளும். மைக்கு ஆகும் செலவோ, ஓரிரு வருஷத்தில் யந்திரத்தின் விலையையே எட்டிவிடக்கூடும்.

பெரிய யந்திரத்தை விட்டுவிட்டு, நாலு கறுப்பு மை உள்ள சிறிய யந்திரம் ஒன்று வாங்கினான். மிச்சப் பணம் காகிதத்துக்கு.

முதல் படத்தை அக்காளிடம் கொடுத்தான். பழைய ஸ்டூடியோப் பிரதியில் கோயில் சுவரடி வெறும் கறுப்புத் திட்டாக இருக்கும். இதில் கல் வேறு, நிழல் வேறாகத் தெரிந்தது. அக்காள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

“மணலில் அவர் நிழல் விழுந்திருக்கிறதே, தம்பி! இத்தனை நாளாக நான் பார்க்கவே இல்லை” என்றாள்.