பால்மரத்திலிருந்து நான்கு சக்கரம் வரை

1976இல் புதுநகராக உருவாகத் தொடங்கிய மலேசியாவின் சுபாங் ஜெயா, அதற்கு முன் சீபீல்ட் தோட்டமாக இருந்தது. அங்கு தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள், ஆள்கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் விடியுமுன் நின்று, பின்னர் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பாலெடுக்க, சென்றனர்.

1888இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியதும், அடுத்த தலைமுறையில் மோட்டார் வாகனங்கள் பெருகியதும் மலாயாவின் ரப்பருக்கு உலகச் சந்தையைத் திறந்தன. மரம் சாகாதபடி பட்டையை மட்டும் சாய்வாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி வகுத்திருந்ததால், ஒரே மரம் பல்லாண்டுகள் பயன் தந்தது. சுபாங் ஜெயாவுக்கு அருகிலுள்ள ஷா ஆலமில் 1972இல் நிறுவப்பட்ட குட்இயர் நிறுவனத்தின் டயர் ஆலை 2024 வரை இயங்கியது.

டயரைப் பயன்படுத்தும் முறையும் காலப்போக்கில் மாறியது. சேதமுற்ற டயரை மட்டும் மாற்றும் பழைய வழக்கத்தை, 1980இல் அவுடி குவாட்ரோ வெளிவந்தபின் சாலைக் கார்களில் பரவிய நான்கு சக்கர இயக்கம், அதாவது எஞ்சினின் விசை எல்லாச் சக்கரங்களுக்கும் செல்லும் அமைப்பு, கேள்விக்குள்ளாக்கியது. புது டயரின் பள்ள ஆழம் 8 மில்லிமீட்டராகவும் மற்றவற்றில் 4 மில்லிமீட்டராகவும் இருந்தால், சுற்றளவு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வேறுபட்டு, தேய்ந்த சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறு சுற்றுகள் கூடுதலாகச் சுழல்வதால், விசையைப் பகிரும் இணைப்பு சூடேறித் தேயக்கூடும். ஆகவே நான்கையும் மாற்றுவதோ, புது டயரைச் சீவிச் சமன்செய்வதோ வழக்கமாயிற்று. இத்தகைய துல்லியத்தைப் போற்றும் டயர் வரலாறு, ஆலையிலிருந்து தொடங்காமல், பட்டையின் ஆழமறிந்து கத்தி பிடித்த தோட்டத் தொழிலாளரின் திறனிலிருந்து தொடங்குவதே நியாயமாகும்.