பாம்பு ரோடும் பத்தடி தூரமும்

மான்செஸ்டர்ல ஆன்சைட் இருந்த ஒரு ஆகஸ்ட் மாசம், ஆபீஸ் நண்பர் ஒருத்தர் தன்னோட ட்ரையம்ஃப் பைக்கின் பின்சீட்டில் என்னை ஏத்திக்கிட்டு ஷெஃபீல்ட் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். ஏ57 ரோடு. அதுல க்ளாஸப் ஊரைத் தாண்டியதும் ஆரம்பிக்கிற மலைப்பகுதிக்கு ஸ்னேக் பாஸ்னு பேர். பைக் ஓட்டுறவங்களுக்கு அது திருப்பதி மாதிரி. ஞாயித்துக்கிழமை போனா கூட்டம் கூட்டமா வருவாங்க.

(பின்சீட்டுன்னதும் சிரிக்காதீங்க. வளைவுல வண்டியைச் சாய்ச்சு ஓட்டுறவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும், மலை பில்லியனுக்குத்தான் தெரியும்.)

க்ளாஸப்ல இருந்து ஏற ஏற மரம் குறையும். ஒரு கட்டத்துல மரமே இல்லை. இடது பக்கம் ப்ளீக்லோ, வலது பக்கம் கிண்டர் ஸ்கவுட். நடுவுல ரோடு மட்டும் வளைஞ்சு வளைஞ்சு 512 மீட்டர் உயரத்துக்கு ஏறுது. ஆகஸ்ட்ங்கிறதால ரெண்டு பக்கமும் ஹெதர் பூத்து மலையே ஊதாக் கலரா இருந்துச்சு. மேல ஒரு ஓரமா வண்டியை நிறுத்தினப்ப, "பாம்பு மாதிரி வளையுது, அதான் ஸ்னேக் பாஸ்"னு நண்பர் சொன்னார். நானும் தலையாட்டிட்டேன்.

அறைக்கு வந்து தேடிப் பார்த்தா கதையே வேற.

1821ல இந்த ரோடு திறந்தப்ப இது சுங்கச் சாலை. வடிவமைச்சவர் தாமஸ் டெல்ஃபோர்டுன்னு சொல்றாங்க. பணம் போட்டதுல முக்கியமானவங்க நார்ஃபோக் ட்யூக், டெவன்ஷயர் ட்யூக், அதாவது சுத்தியிருந்த நிலத்தோட சொந்தக்காரங்க. வழியில கட்டின சத்திரத்துக்கு 'ஸ்னேக் இன்'னு பேர் வெச்சாங்க. டெவன்ஷயர் ட்யூக்குகளோட கேவென்டிஷ் குடும்பச் சின்னத்துல இருக்கிறது பாம்பு. அந்தச் சத்திரத்தோட பேர்தான் ரோட்டுக்கும் ஒட்டிக்கிச்சு. ஆக, பாம்பு வளைவுக்கு வெச்ச பேர் இல்லைங்க. நம்ம ஊர்ல ஜமீன்தார் தன் மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி!

அந்த ஊதாக் கலருக்குப் பின்னாடியும் ஒரு விஷயம் இருக்கு. மூர்னு சொல்ற இந்தப் பொட்டல் மலை, இயற்கை அப்படியே விட்டு வெச்ச இடம் இல்லை. ஒரு காலத்துல இங்கே காடு இருந்துச்சு. அது அழிஞ்ச பிறகு ஆடு மேய்ஞ்சுது, 19ம் நூற்றாண்டுல பெரிய அளவுல வேட்டை வந்துச்சு. க்ரௌஸ்னு ஒரு காட்டுக்கோழி வகை, ஹெதரோட இளந்தளிரைத் தின்னு வளரும். தளிர் வரணும்னா கிழட்டு ஹெதரைத் துண்டு துண்டாக் கொளுத்தணும். வருஷா வருஷம் ஆகஸ்ட் 12ம் தேதி வேட்டை ஆரம்பிக்கும், டிசம்பர் 10 வரைக்கும் நடக்கும். அது போக, மான்செஸ்டர் பக்கத்து மில்களோட புகையும் அமில மழையும் பீட் மண்ணைக் காத்துக்கிட்டிருந்த பாசியைக் கொன்னுடுச்சு. ப்ளீக்லோவுல பல இடம் வெறும் கறுப்பு மண்ணா நின்னுச்சு. 2003க்கு அப்புறம்தான் பெரிய அளவுல திரும்பப் பாசி நட ஆரம்பிச்சாங்க.

மில்லு புகை மலைக்குப் போச்சு, மில்லுல வேலை பார்த்தவன் போக முடியலை. அதுதான் கொடுமை. முன்னாடி ஊர்ப் பொதுவா இருந்த மூர் நிலத்தையெல்லாம் 19ம் நூற்றாண்டோட முதல் பாதியில வளைச்சுத் தனியார் பேருக்கு எழுதிட்டாங்க. அப்புறம் கோழி கலைஞ்சிடும்னு கீப்பர்களைக் காவலுக்குப் போட்டாங்க. ரோட்டுல எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம், ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. வாரம் முழுக்க நூல் தூசியிலயும் இரும்பு உலையிலயும் கிடந்தவனுக்குக் கிடைச்சது ஒரு ஞாயித்துக்கிழமை. மலை கண்ணெதிரே நிக்குது, ஆனா போனா தடியோட ஆள் வருவான்.

1932 ஏப்ரல் 24, ஞாயிறு. கிண்டர் ஸ்கவுட்டோட மேற்கு அடிவாரத்துல ஹேஃபீல்ட்ங்கிற ஊர்ல சுமார் 400 பேர் கூடினாங்க. முன்னாடி நின்னவர் பென்னி ராத்மன், வயசு 20, மோட்டார் மெக்கானிக். ரயில்ல வந்தா போலீஸ் தடுத்துடும்னு மான்செஸ்டர்ல இருந்து சைக்கிள் மிதிச்சே வந்து சேர்ந்தார். ஒரு கல்குவாரியில நின்னு பேசிட்டு, கூட்டத்தோட மலை ஏறினார். மேல கீப்பர்களோட தள்ளுமுள்ளு, ஒரு கீப்பருக்குக் கால்ல அடி. உச்சிப் பக்கம் ஷெஃபீல்ட்ல இருந்து வந்தவங்களைச் சந்திச்சுட்டு எல்லாரும் இறங்கி வந்தாங்க. கீழே போலீஸ் ரெடியா இருந்துச்சு.

அன்னிக்கு இங்கிலாந்துல அடுத்தவன் நிலத்துல நடந்தா அது சிவில் விவகாரம்தான், ஜெயிலுக்கு அனுப்ப வழியில்லை. அதனால கலவரக் கூட்டம் சேர்த்தது, அடிதடின்னு வழக்கைத் திருப்பினாங்க. ஜூலையில டெர்பி கோர்ட்ல அஞ்சு பேருக்கு ரெண்டுல இருந்து ஆறு மாசம் வரை தண்டனை. ராத்மனுக்கு நாலு மாசம். மலையேறினதுக்கு! இன்னொரு வேடிக்கை, அன்னிக்கு இருந்த அதிகாரபூர்வ நடைப்பயணச் சங்கங்களே இந்தக் கூட்டத்தை எதிர்த்தன. 'நாங்க மெதுவாப் பேசி வாங்கப் போறோம், நீ வந்து கெடுக்கிறியே'ன்னு. இந்த வசனம் எல்லா ஊர்லயும் உண்டு போல.

ஆனா தண்டனைதான் பூமராங் ஆச்சு. அதுவரைக்கும் கண்டுக்காதவங்களும் பேச ஆரம்பிச்சாங்க. 1949ல தேசியப் பூங்காச் சட்டம் வந்துச்சு. 1951ல பிரிட்டனோட முதல் தேசியப் பூங்காவா அறிவிச்சது இதே பீக் மாவட்டத்தைத்தான். 1965ல பென்னைன் வே என்கிற நெடும்பாதையைத் திறந்த தேதி ஏப்ரல் 24! அது ஸ்னேக் பாஸோட உச்சியில ரோட்டைக் குறுக்கே கடக்குது. கிண்டர் 1982ல நேஷனல் ட்ரஸ்ட் கைக்கு வந்தது. 2000ல வந்த சட்டம் மூர் நிலங்கள்ல பாதையை விட்டு இறங்கி நடக்கிற உரிமையைக் கொடுத்தது, இந்தப் பக்கம் அது அமலுக்கு வந்தது 2004ல. அதுவும் இங்கிலாந்து நிலத்துல சுமார் 8 சதவீதத்துல மட்டும்தான். மிச்சத்துக்கு இன்னும் சண்டை நடக்குது.

2002 ஏப்ரல்ல எழுபதாவது ஆண்டு விழா. அங்கே வந்து, தன் தாத்தா காலத்துல நடந்தது தப்புன்னு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டார் பதினோராவது டெவன்ஷயர் ட்யூக். அதே பாம்புச் சின்னக் குடும்பம்! கேட்கத்தான் ராத்மன் இல்லை. அந்த வருஷம் ஜனவரியிலேயே இறந்துட்டார்.

இதெல்லாம் தெரியாமத்தான் அன்னிக்கு உச்சியில இறங்கி நின்னேன். ஃபோட்டோ எடுக்கலாம்னு ரோட்டை விட்டு ஒரு பத்தடி உள்ளே போனேன். பீட் மண்ணுல வலது கால் முழங்கால் வரைக்கும் இறங்கிடுச்சு. ஷூவைப் பிடுங்கி எடுக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு, நண்பர் வண்டியில சாய்ஞ்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தார். ஷெஃபீல்ட் வரைக்கும் ஈர சாக்ஸோடதான் போனேன். கேட்க ஒரு ஆள் வரலை.