பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு வரி: ஹேர் டையின் கதை



வீட்டில் யாராவது தலைக்கு டை அடிப்பவர்கள் இருந்தால் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் கருகருவென்ற கூந்தலோடு ஒரு முகம் சிரித்துக் கொண்டிருக்கும். பெட்டியைத் திருப்பினால் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். சிலருக்குத் தோலில் எரிச்சல் வரலாம், அதனால் முதலில் சோதித்துப் பார்க்கவும்; இமை முடிக்கும் புருவத்துக்கும் பூசக்கூடாது, பூசினால் பார்வை போகலாம். இதுதான் அதன் சாரம்.

தலையில் பூசும் சாயத்தில் பார்வை பற்றிய பேச்சு எதற்கு? யார் இமையில் பூசினார்கள்? யாருக்குக் கண் போனது? இதற்குப் பதில் தேடினால் 1930-களின் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இந்தச் சாயம் எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஈயமும் சுண்ணாம்பும்

நரையை மறைக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. பண்டைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஈய ஆக்சைடையும் நீற்றிய சுண்ணாம்பையும் குழைத்துத் தலையில் பூசினார்கள். முடியின் புரதத்தில் கந்தகம் உண்டு. ஈயம் அந்தக் கந்தகத்தோடு சேர்ந்து கருப்பு நிற ஈய சல்ஃபைடாக முடிக்குள்ளேயே படிந்துவிடும். ரசாயனம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் இது அருமையான ரசாயனம்தான். ஆனால் ஈயம் நஞ்சு.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஈயம் தலையை விட்டு இறங்க இரண்டாயிரம் வருடம் ஆனது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) ஈய அசிடேட் கலந்த தலைச் சாயத்துக்கு 1980-ல் முறையான அனுமதியே கொடுத்தது. அந்த அனுமதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது 2018-ல்தான்!

கரித்தாரிலிருந்து வந்த கருப்பு

நிலக்கரியிலிருந்து வாயு எடுத்தபின் மிஞ்சும் பிசுபிசுப்பான கழிவுதான் கரித்தார். 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், கரித்தாரிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்து மலேரியா மருந்தான குவினைனைத் தயாரிக்கப் பார்த்தார். குவினைன் வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது. செயற்கைச் சாயத் தொழிலே அங்கேதான் தொடங்கியது.

பெர்கினின் ஆசிரியர் பெயர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன். அவர் 1863-ல் விவரித்த ஒரு பொருள்தான் நம் கதையின் முக்கியப் பாத்திரம்: பாராஃபினைலீன்டைஅமீன். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். இதைச் சாயமாகப் பயன்படுத்த 1883-ல் பிரான்சில் மோனே நிறுவனம் காப்புரிமை வாங்கியது.

பி.பி.டி. வேலை செய்யும் விதத்தைத் தெரிந்து கொண்டால் அதன் ஆபத்தும் புரிந்துவிடும். தனியாக இருக்கும்போது அது மிகச் சிறிய மூலக்கூறு, பெரிதாக நிறமும் கிடையாது. கலவையில் உள்ள அம்மோனியா முடியின் மேல் செதில்களை விரிக்கிறது. பி.பி.டி. உள்ளே நுழைகிறது. கூடவே கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்ய, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய நிற மூலக்கூறுகளாகின்றன. உள்ளே நுழையும்போது சிறியது, நுழைந்தபின் பெரியது. அதனால்தான் எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் நிறம் போவதில்லை.

சரி, முடிக்குள் நுழையும் அளவுக்குச் சிறிய மூலக்கூறு தோலுக்குள் நுழையாமல் இருக்குமா? நுழையும். உள்ளே போய் உடலின் புரதங்களோடு ஒட்டிக் கொள்ளும். சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக் கொள்ளும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. ஐந்தாவது தடவையோ ஐம்பதாவது தடவையோ முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகலாம். "இத்தனை வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

1907-ல் பாரிஸில் யூஜின் ஷூலர் என்ற இளம் ரசாயன நிபுணர் செயற்கைத் தலைச் சாயம் தயாரித்து முடிதிருத்தும் கடைகளுக்கு விற்கத் தொடங்கினார். 1909-ல் அவர் ஆரம்பித்த நிறுவனத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் "தீங்கற்ற தலைச்சாயங்களுக்கான பிரெஞ்சு நிறுவனம்". அதுதான் பின்னாளில் லோரியால் ஆனது. ஒரு நிறுவனம் தன் பெயரிலேயே "தீங்கற்ற" என்று போட்டுக் கொள்கிறது என்றால், வாங்குபவர்கள் மனதில் அப்போதே பயம் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

லாஷ் லூர்

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 1930-களின் தொடக்கத்தில் அங்கே "லாஷ் லூர்" என்ற சாயம் அழகு நிலையங்களில் பிரபலம். இமை முடியையும் புருவத்தையும் நிரந்தரமாகக் கருப்பாக்கும் என்று விளம்பரம். உள்ளே இருந்தது பி.பி.டி.

தலைத்தோல் ஓரளவு தடிமனானது. கண்ணும் இமையின் உட்புறச் சவ்வும் அப்படியல்ல. பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண் எரிந்தது, இமை வீங்கியது, சீழ் வைத்தது, விழி வெண்படலம் புண்ணானது. ஒரு டஜனுக்கு மேற்பட்ட பெண்கள் பார்வை இழந்தார்கள். ஒருவர் இறந்தே போனார். 1933-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மருத்துவர்கள் இந்த நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? ஒன்றும் செய்ய முடியவில்லை! அப்போது நடைமுறையில் இருந்தது 1906-ம் ஆண்டுச் சட்டம். உணவும் மருந்தும் அதில் உண்டு, அழகுப் பொருட்கள் கிடையாது. பெண்களின் கண்ணைக் குருடாக்கும் பொருளைக் கடையிலிருந்து எடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை.

அவர்களால் முடிந்தது ஒன்றுதான். இப்படிப்பட்ட பொருட்களையும் படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். லாஷ் லூர் பூசுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஒரு பெண்ணின் படங்கள் அதில் இருந்தன. பத்திரிகைகள் அந்தக் கண்காட்சிக்கு வைத்த பெயர் "பயங்கரங்களின் அறை". எஃப்.டி.ஏ.வில் பணியாற்றிய ரூத் லாம்ப் 1936-ல் அதே பெயரைத் தழுவி ஒரு புத்தகமே எழுதினார். புதிய சட்டத்துக்கான மசோதா 1933-லேயே வந்துவிட்டது, ஆனால் ஐந்து வருடம் இழுபறி. 1937-ல் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் வேகம் பிறந்தது. 1938 ஜூன் 25 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் பறிமுதல் ஆன பொருள் லாஷ் லூர்தான்.

சட்டத்தில் ஒரு ஜன்னல்

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் எழுதப்பட்டது. பயன்படுத்துபவருக்குத் தீங்கு செய்யும் அழகுப் பொருளை விற்கக்கூடாது என்பது பொது விதி. கரித்தார் தலைச் சாயத்துக்கு மட்டும் அது பொருந்தாது. பெட்டியில் எச்சரிக்கையும், சோதித்துப் பார்க்கும் முறையும் அச்சிட்டிருந்தால் போதும். இமைக்கும் புருவத்துக்கும் பூசும் சாயத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

காரணம் எளிது. பி.பி.டி. சிலருக்கு ஒவ்வாது என்பது எல்லோருக்கும் தெரியும். பொது விதியை அப்படியே பிரயோகித்தால் தலைச் சாயத் தொழிலே படுத்துவிடும். ஆகவே சாயம் கடையிலேயே இருந்தது, எச்சரிக்கை பெட்டியில் ஏறியது. 2022-ல் அமெரிக்கா தன் அழகுப் பொருள் சட்டத்தைப் பெரிய அளவில் திருத்தியது. அப்போதும் இந்த விலக்கு நீக்கப்படவில்லை.

இந்தியாவுக்கு வந்த எச்சரிக்கை

நம் நாட்டில் 1940-ம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் அழகுப் பொருட்கள் வந்தது 1962-ம் ஆண்டுத் திருத்தத்தில். அதன் விதிகளில் ஹேர் டைக்கென்று தனி விதி உண்டு. பி.பி.டி. போன்றவை கலந்த சாயத்தில் என்ன எச்சரிக்கை போட வேண்டும் என்று அது சொல்கிறது. அமெரிக்கச் சட்டத்தையும் நம் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும், உள் உறையிலும் வெளி உறையிலும் அச்சிட வேண்டும் என்பது நம்மவர்கள் சேர்த்த நல்ல அம்சம். ஆக, நம் பெட்டியில் இருக்கும் எச்சரிக்கை, முகம் தெரியாத அந்த அமெரிக்கப் பெண்களின் கண்களிலிருந்து வந்தது.

புற்றுநோய் வருமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 1975-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஏம்ஸ் குழுவினர் 169 நிரந்தரத் தலைச் சாயங்களைப் பாக்டீரியாவில் சோதித்தார்கள். 150 சாயங்கள் பாக்டீரியாவின் மரபணுவில் மாற்றத்தை ஏற்படுத்தின. பாக்டீரியாவில் நடப்பதெல்லாம் மனிதனில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உலகம் விழித்துக் கொண்டது. விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கிய சில பொருட்களை நிறுவனங்கள் 1970-களின் பிற்பகுதியில் கைவிட்டன.

1993-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு முடிவுக்கு வந்தது. முடிதிருத்துபவராக வேலை செய்வது அநேகமாகப் புற்றுநோய் அபாயம் உள்ளது. வீட்டில் சொந்தமாகப் பூசிக் கொள்வதைப் பற்றித் தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை. பிற்கால மறு ஆய்விலும் இதே நிலைதான். 2019-ல் வெளியான, 46,709 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நிரந்தரச் சாயம் பூசியவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. கருப்பினப் பெண்களில் அது 45 சதவீதம். அடுத்த வருடம் வந்த இன்னொரு ஆய்வு 117,200 செவிலியர்களை 36 வருடங்கள் கவனித்தது. பெரும்பாலான புற்றுநோய்களில் அபாயம் கூடவில்லை, சில வகைகளில் மட்டும் சற்றுக் கூடியது. பீதி அடையவும் தேவையில்லை, முழுக்க நிம்மதி அடையவும் முடியாது. அதிகக் கவலைப்பட வேண்டியது தினமும் பத்துத் தலைகளுக்குக் கையுறை இல்லாமல் டை கலக்கும் சலூன் தொழிலாளியைப் பற்றித்தான்.

யாருடைய வேலை?

ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் வேறு வழியில் போனது. சாயப் பொருள் பாதுகாப்பானது என்று காட்டும் ஆவணங்களை நிறுவனங்களே தர வேண்டும் என்றது. யாரும் ஆவணம் தராத 22 பொருட்களைத் தடை செய்தது. பி.பி.டி.யை அங்கேயும் தடை செய்யவில்லை, ஆனால் தலையில் பூசும் கலவையில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

இங்கேதான் எனக்கு ஒன்று உறுத்துகிறது. 1938-ன் எச்சரிக்கை பலரைக் காப்பாற்றியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் சோதிக்கும் வேலையை அது வாங்குபவர் தலையில் கட்டியது. கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் டை அடிப்பவர் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து 24 மணி நேரம் காத்திருக்கிறாரா? படிக்கவே முடியாத பொடி எழுத்தில் சொல்வது எச்சரிக்கையா, அல்லது பின்னால் வழக்கு வராமல் இருக்கப் போட்ட கவசமா?

கடைசியாகச் சில விஷயங்கள். "மூலிகை" என்றோ "அம்மோனியா இல்லை" என்றோ போட்டிருந்தால் பி.பி.டி. இல்லை என்று அர்த்தமில்லை, உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். மருதாணி இயற்கையில் சிவக்கும், கருக்காது. நிமிடங்களில் கருக்கும் "கருப்பு மருதாணி"யில் பெரும்பாலும் இதே பி.பி.டி. இருக்கும், குழந்தைகள் கையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சோதித்துப் பாருங்கள். குழந்தை தெரியாமல் டையை விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகம் செயலிழக்கும், மாற்று மருந்தும் கிடையாது.

டை அடிப்பதும் அடிக்காததும் அவரவர் விருப்பம். அடிப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பி அந்த இரண்டு வரியை மட்டும் படித்துவிடுங்கள். அதற்கான விலையை வேறு சிலர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.