கரையிருப்புக் கிருஷ்ண பிள்ளையும் என் தம்பியும்

பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் அவளுடைய தமிழ்ப் புத்தகத்தைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்திய கை, ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது புரட்டாமல் இருக்காது. அதில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று ஒரு பாடம். ஆசிரியர் பெயரை எச்.ஏ. கிருட்டிணனார் என்று போட்டிருந்தார்கள். நம் தலைமுறைக்கு அவர் கிருஷ்ண பிள்ளைதான். ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்ததோடு நானும் அவரை விட்டுவிட்டேன். இந்தத் தடவை விட முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் நாமம் போடும் குடும்பம். இருங்காட்டுக்கோட்டையில் சிப்காட் வருவதற்கு முன்னால், ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருந்த காலத்தில், அப்பா சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீபெரும்புதூருக்கு நடந்தே போய் உடையவரைச் சேவித்துவிட்டு வருவார். ராத்திரி திண்ணையில் அரிக்கேன் வைத்துக் கம்பராமாயணம் படிப்பார். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்போம்.

1987-ல் தம்பி மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போது அவனுக்குக் குடியும் உண்டு, கோபமும் உண்டு. திரும்பி வந்தவன் வேறு ஆளாக இருந்தான். “அண்ணா, அன்னைக்கு ராத்திரி என்னை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்” என்றான். யார் என்று கேட்டேன். இயேசு என்றான். அப்பா காதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அப்பா நாலு வருஷம் உயிரோடு இருந்தார்; அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அப்பா பக்கம்தான். எவனோ காசு கொடுத்து இழுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். அப்பா காரியத்தன்று அவன் தெருமுனையில் நின்றான். நான் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டுதான் கிருஷ்ண பிள்ளையின் கதையைத் தேடிப் படித்தேன்.

அவர் பிறந்தது 1827 ஏப்ரல் 23, திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பு. வைணவ வேளாளர் குடும்பம். அப்பா சங்கர நாராயண பிள்ளை, அம்மா தெய்வநாயகி அம்மாள். அந்த அப்பாவும் கம்பராமாயணத்தில் ஊறியவர். சின்ன வயசிலேயே பையனுக்குக் கம்பன் காதில் ஏறிவிட்டான். 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. அவரைத் தேர்ந்தெடுத்தவர் கால்டுவெல் ஐயர்; திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவரேதான்.

அந்தக் காலத்துத் திருநெல்வேலியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கிராமம் கிராமமாக மக்கள் கிறிஸ்தவத்துக்குப் போன சமயம். பஞ்சம், மேல்சாதிக்காரர்களின் கொடுமை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் எதையும் நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். பசிக்கிறவனுக்குச் சோறு தேடிப் போக உரிமை இருக்கிறது. ஆனால் கிருஷ்ண பிள்ளைக்கு அந்தக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. வேலை ஏற்கெனவே கையில் இருந்தது. நாமத்தோடுதான் மிஷன் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மதம் மாறினால் போவது வீடும் உறவும் சாதி மரியாதையும். அதோடு, ஆரம்பத்தில் அவருக்குக் கிறிஸ்தவம் என்றாலே ஆகாது.

அவரை உலுக்கியது எது என்று பார்த்தால் வெள்ளைக்காரப் பாதிரியார் யாருமில்லை. அவருடைய நண்பர் தனக்கோடி ராஜு கிறிஸ்தவரானார். சொந்தத் தம்பி முத்தையா பிள்ளையும் ஆனார். இந்த வரி வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். தம்பி முந்திப் போகிறான். அண்ணன் திகைத்து நிற்கிறான். அந்த அண்ணன் செய்தது என்ன, நான் செய்தது என்ன!

அவர் படித்தார். வேதாகமத்தைப் படித்தார், ஜான் பனியன் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ கதையையும் படித்தார். முதுகில் பாவ மூட்டையோடு ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போகிற கதை, 1678-ல் வந்தது. பனியன் பாத்திரக்காரர், தகரம் ஒட்டுகிற தொழில். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பல வருஷம் ஜெயிலில் இருந்தவர். அந்த மூட்டை தன் முதுகிலும் இருப்பதைக் கிருஷ்ண பிள்ளை கண்டார். வெளியில் எந்தக் கெட்ட பெயரும் இல்லாத ஒரு தமிழ்ப் பண்டிதருக்கு இது சுலபமாக வருகிற எண்ணம் இல்லை. தாம் எப்படிக் கிறிஸ்தவரானோம் என்று பிற்பாடு அவரே எழுதி வைத்திருக்கிறார். 1858-ல், முப்பது வயசில், சென்னை மயிலாப்பூர் தூய தாமஸ் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்று பெயர் வந்தது. கிருஷ்ணன் என்ற பெயரை மட்டும் அவர் விடவில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. பஞ்சாபில் சாது சுந்தர் சிங் என்ற சீக்கியப் பையன், வேதாகமத்தைக் கிழித்து எரித்தவன், 1904 டிசம்பர் 18 விடியற்காலையில், கடவுள் தன்னைக் காட்டாவிட்டால் ஐந்து மணி ரயிலில் தலை கொடுப்பது என்று உட்கார்ந்திருந்தான். அறையில் ஒளி வந்து, அதில் கிறிஸ்துவைக் கண்டதாகக் கடைசி வரைக்கும் சொன்னார். அடுத்த வருஷம் காவி கட்டிப் புறப்பட்டார். 1918-ல் நம் தமிழ்நாட்டுப் பக்கமும் வந்து பேசினார். என் தம்பி சொன்னது இந்த ரகம், ஒரே ராத்திரி. கிருஷ்ண பிள்ளைக்கோ வருஷக்கணக்கில் மெள்ள மெள்ளப் பழுத்தது.

கடவுள் ஒருத்தரிடம் நேரில் பேசுவாரா என்று அன்றைக்குத் தம்பியைக் கேட்டுச் சிரித்தவன் நான். ஆனால் நம் பெங்களூர் ரோட்டில் ஒரு பக்கம் பூந்தமல்லி, இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி காஞ்சி வரதருக்கு விசிறி வீசிக்கொண்டே அவரோடு பேசினார் என்றும், ராமானுஜர் தம் சந்தேகங்களுக்கு நம்பி மூலமாகத்தான் பெருமாளிடமிருந்து ஆறு வார்த்தை பெற்றார் என்றும் அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நம்பி பேசினால் நம்புவேன், சொந்தத் தம்பி பேசினால் காசு வாங்கினான் என்பேன். முப்பது வருஷம் இந்த முரண் எனக்கு உறைக்கவே இல்லை.

கிருஷ்ண பிள்ளை பிறகு பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் என்று தமிழாசிரியராகவே இருந்தார். பனியன் கதையை எடுத்துக்கொண்டு, ‘நற்போதகம்’ பத்திரிகையில் பதின்மூன்று வருஷம் தொடராக எழுதினார். 1894-ல் நூலாக வந்தது. ஐந்து பருவம், 3,766 பாட்டு. மொழிபெயர்ப்பு என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். மொழிபெயர்ப்பு இல்லை. கம்பன் நடை, ஆழ்வார்களின் உருக்கம். நடு நடுவே ‘தேவாரம்’ என்றே பெயர் வைத்துப் பதிகங்கள் வேறு. வைணவ வீட்டுப் பிள்ளை சைவப் பெயரை எடுத்து இயேசுவைப் பாடுகிறார். சண்டைக்கு வர மூன்று தரப்பும் தயாராக இருந்திருக்கும்!

பனியன் சொல்லாத ஒன்றை அவர் குமார பருவத்தில் விரித்துச் சொல்கிறார். இயேசுவைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது, ஜனங்கள் வாய்க்கு வந்தபடி ஏசியது, அவர் பதில் பேசாமல் நின்றது. பேத்தியின் பாடத்தில் வருவதும் இந்த இடம்தான். கம்பனில் காட்டுக்குப் போகிற ராமனைப் படித்து அழுது பழகிய ஒரு மனசு, இங்கே வந்து நின்று அழுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. சரணாகதி என்பது அவர் வீட்டுச் சொல். அதை அவர் தூக்கி எறியவில்லை. அந்தக் கைகூப்பலோடேயே போய் இன்னொரு வாசலில் நின்றார். பண்டிதர்கள் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கலாம். நான் தபால்காரன், எனக்கு எட்டியது இவ்வளவுதான். 1900-ல் அவர் காலமானார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். தம்பிக்கு இப்போது அறுபத்து நாலு. என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை, உட்காரு என்றான். அவன் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்தாள். புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குமார பருவத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தான். அப்பா திண்ணையில் படிப்பாரே, அதே ராகம். எனக்கு அந்த ராகம் மறந்தே போயிருந்தது. அவனிடம் அப்படியே இருந்திருக்கிறது.

நாலைந்து பாட்டு போனதும் நிறுத்தினான்.

“இந்த மாதிரி இடத்துலதான் அப்பா மூச்சு விடுவார், இல்லண்ணா?”

ஆமாம் என்றேன்.