மீள்வருகைத் தாளில் பதிந்த கைகள்



சபர் நமக்குப் புதிதன்று. நம் கடற்கரை ஊர்களில் 'சபராளி வீடு' என்று சொன்னாலே போதும், யார் ஊரில் இல்லை, யார் காத்திருக்கிறார் என்பது விளங்கிவிடும். இப்போது அந்த வழக்கம் சற்று மாறியிருக்கிறது. கணவன் மட்டும் போவதை விட்டு, மனைவி மக்களோடு தொழில்திறன் விசாவில் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியேறுகிறோம். அங்கே வாழ்வோரிடம் வாப்பாவுக்கு உடல்நலமில்லை என்ற செய்தி வந்தால், பயணச்சீட்டுக்கு முன்பாக எழும் கேள்வி ஒன்றுண்டு: போனால் திரும்பி வர விசா இருக்கிறதா? அந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதை முதலில் சுமந்தவர்களுள் நம் மார்க்கச் சகோதரர்களும் இருந்தனர்.

1860இல் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியை ஆராயப் புறப்பட்ட பர்க், வில்ஸ் குழுவுக்காகக் கராச்சியிலிருந்து ஒட்டகங்களும் அவற்றை நடத்தத் தெரிந்தவர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். 1866 முதல் வணிகர் தாமஸ் எல்டரின் முயற்சியால் இது பெரிய தொழிலாயிற்று. குதிரையும் மாடும் நீரின்றி மடியும் பாலைவனத்தில் தந்திக் கம்பிகள், தண்டவாளக் கட்டைகள், கம்பளிப் பொதிகள், மாவு மூட்டைகள் யாவும் ஒட்டகத்தின் முதுகில்தான் சென்றன. ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து எனப் பல நிலங்களிலிருந்து வந்தவர்களை வெள்ளையர் பொதுவாக 'ஆப்கானியர்' என்றே அழைத்தனர். ஏறத்தாழ 2,000 முதல் 4,000 பேர் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. பெரும்பாலோர் 3 ஆண்டு ஒப்பந்தத்தில், மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியாக வந்தவர்கள். இன்றைய சொல்லில் சொன்னால், அவர்களும் தொழில்திறன் மிக்க குடியேறிகளே.

1901இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாறாக, அதிகாரி ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்கள் கொண்ட பகுதியை வாசிப்பார். வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பதை முடிவு செய்பவர் அதிகாரி. ஆங்கிலம் அறிந்தவருக்கு வேறொரு மொழியைக் கொடுக்கலாம். இதைத் தேர்வு என்பதைவிடப் பூட்டு என்பதே பொருந்தும்.

ஏற்கெனவே அங்கே பல்லாண்டு உழைத்தவர் ஊர் சென்று திரும்பினால்? அவருக்கும் அதே பூட்டுத்தான். அதிலிருந்து தப்ப, புறப்படும் முன்பே தேர்விலிருந்து விலக்களிக்கும் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். முதலில் நிலைக்குடிச் சான்றிதழ் என்று ஒன்று இருந்தது. குடும்பமோ சொத்தோ அந்நாட்டில் இருப்பது அதற்கு வலுவான ஆதாரம். மனைவியைப் பெஷாவரில் விட்டு வந்தவரிடம் அந்த ஆதாரம் எங்கே இருக்கும்? குடும்பத்தைப் பார்க்கப் போகிறவருக்கு, குடும்பம் இங்கே இல்லை என்பதே குறையாகிவிடுகிறது.

1905க்குப் பின் விலக்குச் சான்றிதழ் அதன் இடத்துக்கு வந்தது. அதன் முன்பக்கத்தில் நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் எடுத்த நிழற்படங்கள். பின்பக்கத்தில் மை தடவிப் பதித்த கை. நன்னடத்தைக்கு ஊர்ப் பெரியவர்களின் கடிதங்களும் வேண்டும். ஒரு படியைத் துறைமுகச் சுங்க அலுவலகம் வைத்துக்கொள்ளும், மற்றொன்று பயணியிடம் இருக்கும். திரும்பும்போது இரண்டையும் ஒப்பிடுவார்கள். பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வந்துவிட வேண்டும். அச்சான்றிதழ்கள் பல ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. பெயர்களை அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே பெயர் பலவிதமாகக் காணப்படும். கடவுச்சீட்டில் வாப்பா பெயர் எந்தக் கட்டத்தில் வந்தது என்று அலையும் நமக்கு இந்தச் சங்கடம் புரியும்.

சான்றிதழ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அன்று. தடை செய்யப்படாதவரின் மனைவியும் சிறு பிள்ளைகளும் வரலாம் என்று 1901 சட்டத்தில் இருந்த பிரிவு 1903இல் நிறுத்தப்பட்டு, 1905இல் நீக்கப்பட்டது. 1903இன் குடியுரிமைச் சட்டமோ ஆசியாவின் பூர்வகுடிகள் விண்ணப்பிக்கவே இயலாதவாறு செய்தது. ஒட்டகம் தேவை, அதை நடத்தும் கை தேவை, அந்தக் கைக்குரியவனின் வீடு தேவையில்லை!

உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில், போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்து வருந்திய பெண்ணின் குரலைக் கேட்டு, மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என வினவியதும், அதன்படி வீரர்களின் பணிக்காலத்துக்கு எல்லை வகுத்ததும் நாம் அறிந்ததே. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. இங்கே மூன்றாண்டு ஒப்பந்தம், பின்னும் ஒரு மூன்றாண்டு என நீண்டது. சிலர் அங்கேயே பழங்குடிப் பெண்களையோ ஐரோப்பியப் பெண்களையோ மணந்தனர். ஊரிலிருந்த மனைவியரின் கதையை எந்தக் காப்பகமும் சேர்த்து வைக்கவில்லை.

1918இல் லண்டனில் நடந்த பேரரசுப் போர் மாநாட்டின் தீர்மானத்தையொட்டி, நிரந்தரமாக வாழும் இந்தியர்கள் மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள ஆஸ்திரேலியா அடுத்த ஆண்டு இசைந்தது. அங்குள்ள இந்தியரின் உரிமைகளுக்காக 1922இல் நேரில் சென்று வாதிட்டவர், நம் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி. ஆனால் இச்சலுகை பிரிட்டிஷ் இந்தியக் குடிகளுக்கு மட்டுமே. 1893இல் வரையப்பட்ட டூராண்ட் கோட்டுக்கு அப்பால் பிறந்த ஆப்கானியர் இதில் சேரவில்லை. ஒரே பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுத இருவருள் ஒருவர் மனைவியை அழைக்கலாம், மற்றவர் அழைக்க முடியாது.

அதற்குள் லாரிகள் வந்து ஒட்டகத் தொழிலும் சரிந்தது. 1880களின் இறுதியில் அடிலெய்டில் அவர்கள் கட்டிய பள்ளிவாசலை ஒட்டிய சிறு வீடுகளில் முதியவர்கள் சிலர் தங்கள் கடைசி நாள்களைக் கழித்தனர். மொழித் தேர்வு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது.

இன்று அந்நாட்டில் நிரந்தர விசா பெற்றவருக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் போய்வரும் அனுமதி உண்டு. அது முடிந்தபின் உள்ளே வாழத் தடையில்லை. வெளியே போனால் திரும்ப, குடியுரிமை பெறாதவருக்கு மீள்வருகை விசா வேண்டும். கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் அங்கே இருந்திருந்தால் மேலும் 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். குறைந்தால், அந்நாட்டோடு உள்ள தொழில், வேலை, பண்பாட்டு, சொந்த உறவுகளைக் காட்டிக் குறுகிய கால விசா கேட்கலாம். விசா ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே இருப்பதால், பிள்ளைகளோடு உம்மாவைப் பார்க்கப் புறப்படும் முன் கணவனின் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. மனைவியின் தேதியையும் கைக்குழந்தையின் தேதியையும் எடுத்துப் பாருங்கள்.