மருந்து என்று நாங்கள் சொல்லும் நஞ்சு

மே மாதம் வந்தால் நோத்ர-டாம்-த-கிரேஸில் வீட்டு முற்றங்களெல்லாம் மஞ்சள் டாண்டிலையன் பூக்கள். முன்புபோல் களைகொல்லி அடித்து அவற்றை அழிக்கச் சட்டம் விடாது. அந்தச் சட்டத்தின் கதை எங்களுக்கு மேற்கே, ஹட்சன் என்ற சிறிய ஊரில் தொடங்கியது.

ஜூன் இர்வின் ஒரு தோல் மருத்துவர். தன் நோயாளிகளின் இரத்தம், கொழுப்பு, தாய்ப்பால் ஆகியவற்றைச் சோதனைக்கு அனுப்பி, அவற்றில் பூச்சிகொல்லி எச்சங்களைத் தேடினார். 1985 முதல் ஹட்சன் நகரசபைக் கூட்டங்களுக்குப் போய், புல்லுக்கு நஞ்சடிப்பதை நிறுத்துங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 1991இல் ஊர் தடை போட்டது. புல்தரைக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2001 ஜூன் 28இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் ஒருமித்துத் தீர்ப்பளித்தது.

கொழுப்பில் ஏன் தேட வேண்டும்? டி.டி.ரி. போன்றவை தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். அதனால் எளிதில் வெளியேறாமல் உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும்; தாய்ப்பாலிலும் இறங்கும். நஞ்சை உடைக்கிற வேலை ஈரலுடையது. எனவே பாதிப்பும் அங்கே வரலாம். 1950களின் பிற்பகுதியில் துருக்கியில், விதைப்பதற்காக ஹெக்சாகுளோரோபென்சீன் பூசிய கோதுமையை மக்கள் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு ஈரலோடு தொடர்புள்ள போர்பிரியா நோய் வந்தது. வெயில் பட்ட தோல் கொப்பளித்தது. அந்தத் தாய்மாரிடம் பால் குடித்த குழந்தைகள் பலர் இறந்தனர்.

ஹட்சனில் யாருக்கும் இந்த நஞ்சால்தான் நோய் வந்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஊருக்குத் தடைபோட அதிகாரம் உண்டா என்பதே வழக்கு. ஆனால் முழு நிரூபணம் வரும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாக நடக்கலாம் என்ற கொள்கையைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 2003இல் கியூபெக் மாகாணமும் விதி கொண்டுவந்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்த விதி காப்பது புல்தரையை. வயல்களில் தெளிப்பது தொடர்கிறது. யாழ்ப்பாணத்தில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தெளிப்பதை எங்கள் பெரியவர்கள் 'மருந்தடிக்கிறது' என்றுதான் சொல்வார்கள். மருந்து என்றால் யார் பயப்படுவார்? தாங்கியை முதுகில் சுமக்கிறவரின் உடம்பில்தான் அது முதலில் படுகிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால், அவர் கையுறை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அந்தப் போத்தலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்றும் கேளுங்கள்.